1151 தவிர

மே 20

டாக்டர் சொல்லி எழுதுகிறேன். மற்றபடி எனக்கு டைரி எழுதும் வியாதி கிடையாது. தினமும் பிரஷர் பார்த்து, என்ன தின்றேன், எங்கே போனேன், யார் மேல் எரிந்து விழுந்தேன் என்று ரெண்டு வரி குறித்துக்கொண்டு வந்தால்தான் மாத்திரையைக் கூட்டுவதா குறைப்பதா என்று சொல்வாராம். பம்ப் கம்பெனிக்காரன் வருசா வருசம் தரும் டைரிகள் கடையில் தூசி தின்றுகொண்டு கிடக்கின்றன. ஒன்றைத் தட்டி எடுத்துக்கொண்டேன்.

பெயர் நாச்சிமுத்து. வயது 58. கோபியில் மோட்டார் பம்ப் கடை. பிரஷர் 158/98. தின்றது இரண்டு இட்லி, உப்பில்லாத சட்னி. எரிந்து விழுந்தது சகலை வெள்ளியங்கிரி மேல்.

வெள்ளியங்கிரி என் மனைவி சம்பூரணத்தின் தங்கையைக் கட்டியவன். அவன் காருக்கு நம்பர் 9999. அதற்காக ஆர்.டி.ஓ. ஆபீசுக்கும் வீட்டுக்கும் நடந்து ஒரு ஜோடி செருப்பைத் தேய்த்தவன். எங்கள் வீட்டுக்கு வந்தால் வண்டியை மனுசன் மாதிரி நிறுத்த மாட்டான். ரிவர்ஸ் எடுத்து, முன்னால் எடுத்து, தெருவில் போகிற நாய்கூட நாலு ஒன்பதையும் படித்துவிட்டுப் போகிற மாதிரி நிறுத்துவான். இறங்கிய பிறகு பிளேட்டைத் துண்டால் ஒரு துடை துடைப்பான்.

நான் புதுக் கார் புக் பண்ணியிருப்பது தெரிந்து, எந்த நம்பர் எடுக்கப்போகிறேன் என்று கேட்டான். நம்பர் என்பது போலீஸ்காரன் எழுதிக்கொள்வதற்கு, அதில் போய்ப் பவுசு காட்டுகிறவனுக்கு மண்டைக்குள் காலி இடம் நிறைய இருக்கிறது என்று சொன்னேன். அவன் கோபித்துக்கொள்ளவில்லை. அது ஒரு சின்ன சந்தோசம்தானே அண்ணா, யாருக்கு என்ன கேடு என்று கேட்டுவிட்டு மூன்று முறுக்கை எடுத்து வாயில் போட்டுக்கொண்டான். அதிலும் உப்பு இருக்கிறது. அவனுக்குப் பிரஷர் வராது. என் தலையெழுத்து.

மே 27

ஷோரூமில் போய் நம்பர் ஒன்று எழுதிக் கொடுத்தேன். பவுசுக்கு இல்லை. ஏதோ ஒரு நம்பர் வரத்தான் போகிறது, அது நாம் சொன்னதாக இருக்கட்டுமே என்றுதான்.

1151.

கவுன்ட்டரில் இருந்த பெண் விரல் விட்டுக் கூட்டிப் பார்த்தாள். மறுபடி கூட்டினாள். “சார், எட்டு வருதுங்க. எட்டு யாருமே எடுக்க மாட்டாங்க” என்றாள். ராகுகாலத்தில் சவரம் பண்ணச் சொன்னது போல என்னைப் பார்த்தாள். பக்கத்து நம்பர், அதற்கடுத்த நம்பர் எல்லாம் கூட்டிக் காட்டினாள். ஏதாவது விசேசமான நம்பரா, பிறந்த நாளா, கல்யாண நாளா என்று கேட்டாள். சும்மாதான் என்றேன். சும்மாவுக்கா சார் விண்ணப்பம் போட்டுக் காத்திருக்கிறீர்கள் என்றாள். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு வாய் அதிகம்.

வண்டியைச் சம்பூரணம் பெயரில் பதியச் சொல்லிவிட்டேன். என் போனுக்கு வருகிற ஓ.டி.பி.யை எனக்குப் பார்க்கத் தெரியாது. பிரஷர் 150/94.

மே 28

செவ்வாய்க்கிழமை. சம்பூரணம் வழக்கம்போலக் காலை பஸ்ஸில் பண்ணாரி அம்மனைப் பார்க்கப் போய்விட்டாள். மூன்று வருசமாக ஒரு செவ்வாய் தவறியதில்லை. போகும்போது நாலு அடுக்குத் தூக்குப்போசியில் சாப்பாடு வேறு. அம்மனுக்குப் பொங்கல் தெரியும், புளியோதரை தெரியும். பருப்புக் கடைசலும் பூசணிக்காய்ப் பொரியலும் எந்த அம்மன் கேட்டாள் என்று ஒரு தடவை கேட்டேன். பசிக்கிறவளுக்குத்தான் தெரியும் என்றாள். பக்தி முற்றினால் இப்படித்தான்.

சாயங்காலம் திரும்பி வந்ததும் நம்பரைச் சொன்னேன். நேராகச் சமையலறைக்குள் போனாள். குக்கர் விசில் அடித்துக்கொண்டே இருந்தது. ராத்திரி சோறு கூழாக இருந்தது. அப்படியே தின்றேன்.

ஜூன் 9

வெள்ளியங்கிரி போனில் ஒரு மணி நேரம். எட்டு சனியாம். அவனுக்குத் தெரிந்த ஜோசியர் கேட்டுவிட்டு எச்சில் விழுங்கினாராம். எட்டு நம்பர் எடுத்த ஒருவருக்குக் கிணறு வற்றியதாம், இன்னொருவர் சம்சாரம் கோபித்துக்கொண்டு போனதாம். நம்பர் எடுக்காமலே எத்தனை பேருக்குக் கிணறு வற்றியிருக்கிறது என்று கேட்டேன். நான் விற்கிற பம்ப்பெல்லாம் யாருக்கு?

எங்கள் வீட்டில் நடக்க வேண்டியது எல்லாம் எட்டு இல்லாமலே மூன்று வருசத்துக்கு முன்னால் நடந்து முடிந்துவிட்டது. இனிமேல் சனி வந்தாலும் உட்கார நாற்காலி இல்லை. இதை அவனிடம் சொல்லவில்லை. டைரியில் எழுதியதே அதிகம்.

பிரஷர் 160/100. போனை வைத்த உடனே பார்த்தது.

ஜூன் 17

வண்டி வந்துவிட்டது. வெள்ளை. நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றி, கற்பூரம் காட்டி, கடை முன்னால் நிறுத்தினேன். கம்பெனியே பொருத்திக் கொடுத்த பிளேட். 1151. பார்க்க லட்சணமாகத்தான் இருக்கிறது. நான் துடைக்கவில்லை, மேலே கொஞ்சம் சந்தனம் பட்டிருந்தது, அதை எடுத்துவிட்டேன்.

எதிர்க்கடை ஜெராக்ஸ் பொன்னுசாமி கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு வந்தார். பிளேட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். “ஏனுங்க, இது நம்ம பாப்பா பிளஸ் டூ மார்க்கு இல்லீங்களா?” என்றார்.

இல்லை என்றேன். அப்படியா என்று போய்விட்டார்.

டாக்டர் படித்தாலும் படிப்பார், அதனால் விவரமாகவே எழுதிவிடுகிறேன். ஒன்பது வருசத்துக்கு முன்னால் இந்த வீட்டில் ஒரு பெண் பிளஸ் டூவில் ஆயிரத்து இருநூறுக்கு ஆயிரத்து நூற்று ஐம்பத்தொன்று வாங்கியது உண்மை. பஸ் ஸ்டாண்டில் ஒன்று, கடைக்கு மேலே ஒன்று என்று இரண்டு ஃபிளெக்ஸ் வைத்ததும் உண்மை. கடைவீதி முழுக்க லட்டு கொடுத்து, மார்க்கைக் கேட்காதவனுக்கும் நிறுத்தி வைத்துச் சொன்னேன். பொன்னுசாமிக்குத் தன் போன் நம்பர் மறந்தாலும் அது மறக்காது. அதெல்லாம் சரி. அதற்காக ஒரு மனுசன் நாலு இலக்கத்தை வேறு காரணத்துக்கு எழுதவே கூடாதா?

ஜூன் 20

வியாழக்கிழமை வியாபாரம் மந்தம். புது வண்டிக்கு நாலு மைல் ஓடினால்தான் எஞ்சின் சீராகும். சத்தியமங்கலம் வரைக்கும் போய் ஒரு தார் நேந்திரம் வாங்கி வந்தேன். மண்டியிலிருந்து வழி தவறி ஒரு தெருவுக்குள் போய்விட்டேன். குடோன் சுவர் ஓரம் நல்ல நிழல். இருபது நிமிசம் நிறுத்திவிட்டு வந்தேன்.

பிரஷர் 132/84! வாழைப்பழத்தில் ஏதோ சத்து இருக்கிறது.

ஜூன் 27

மறுபடி சத்தி. ஒரு தார் கதலி. அதே சுவர் ஓரம். அந்தத் தெருவில் சைக்கிள் நிறுத்த இடம் கிடையாது, ஆனால் அந்த இடம் மட்டும் காலியாக இருக்கிறது. எட்டைப் பார்த்துப் பயந்து மற்ற வண்டிக்காரன் நகர்ந்துவிட்டானோ என்னவோ. நம்பருக்கு ஒரு மரியாதை இருக்கத்தான் செய்கிறது.

பிரஷர் 130/84.

ஜூலை 4

சத்தி. ஒரு தார் பூவன். வீட்டில் ஏற்கெனவே ஒன்றரைத் தார் தொங்குகிறது. ஈ மொய்க்கிறது.

குடோனுக்கு எதிரில் கீழே ஒரு ஸ்டிக்கர் கடை. மேலே மாடி வீடு. மாடிப்படியில் ஒரு பெண் இறங்கினாள். ஒரு கை கம்பியில், ஒரு கை இடுப்பில். ஒவ்வொரு படிக்கும் நின்று நின்று இறங்கினாள். ஓட்டமாக இறங்குகிற ஆள். எங்கள் வீட்டுப் படியில் மூன்று மூன்றாகத் தாவி ஒரு தடவை முன்பல் உடைந்தது.

வயிறு நன்றாகவே தெரிகிறது. ஐந்து மாசம் இருக்கும்.

நான் தலையைக் குனிந்துகொண்டேன். ஏசி காற்று கண்ணில் அடித்துத் தண்ணீராகக் கொட்டியது. அதன் மூடியை எப்படித் திருப்புவது என்று ஷோரூம்காரனைக் கேட்க வேண்டும்.

பிரஷர் பார்க்கவில்லை.

ஜூலை 5

சம்பூரணம் காலை, மதியம், ராத்திரி மூன்று வேளையும் வாழைப்பழ அப்பம் போட்டாள். நான் ஏன் என்று கேட்கவில்லை. அவளும் ஏன் மூன்று தார் என்று கேட்கவில்லை.

ஜூலை 11

அந்த ஸ்டிக்கர் கடையைப் பற்றி எழுதியே ஆக வேண்டும். ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்த்தேன். வருகிறவன் எல்லாம் வண்டிக்குப் பின்னால் எதையாவது ஒட்டிக்கொண்டு போகிறான். ஒருவனுக்கு அப்பா படம். ஒருவனுக்குச் சிங்கம். தினமும் பஸ்ஸுக்குப் பயந்து சாக்கடை ஓரமாக ஸ்கூட்டர் ஓட்டுகிற ஒருவன் ‘வழிவிடு, வர்றது வேங்கை’ என்று ஒட்டிக்கொண்டு போனான். நாட்டில் பவுசுக்குப் பஞ்சமே இல்லை. இப்படி ஊரார் பெருமையைக் கத்தரித்து ஒட்டிப் பிழைக்கிறவன்தான் அந்தக் கடைக்காரன். இன்ஜினியரிங்கில் தங்க மெடல் வாங்கியவள் கட்டிக்கொள்ள உலகத்தில் வேறு ஆளே கிடைக்கவில்லை.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். படம் ஒட்டும்போது ஒரு குமிழி விடாமல், அங்குலம் அங்குலமாகத் தடவி ஒட்டுகிறான். வாடிக்கையாளர் போன பிறகு மேலே அண்ணாந்து என்னவோ கேட்டான். மாடியிலிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. உடனே ஒரு செம்பு மோர் எடுத்துக்கொண்டு படியேறினான். அவளை இறங்க விடவில்லை.

பிரஷர் 126/82.

ஜூலை 18

இன்றைக்கு மானம் கப்பலேறியது.

போன வாரம் வீடு திரும்பும்போதுதான் உறைத்தது. ஊர் உலகம் பார்க்க வேண்டும் என்று நம்பர் வாங்கிவிட்டு, அதே வண்டியை யார் கண்ணிலும் படாமல் நிறுத்த வேண்டும் என்று நினைக்கிற முட்டாள் நான் ஒருவன்தான். ஆகவே இன்றைக்கு சத்தி எல்லையில் வண்டியை ஓரங்கட்டி, வயலில் இருந்து ஒரு கை சேறு அள்ளி இரண்டு பிளேட்டிலும் அப்பினேன். வேட்டியிலும் கொஞ்சம்.

குடோன் சுவர் ஓரம் நிறுத்தி ஐந்து நிமிசம் ஆகவில்லை. டிராஃபிக் எஸ்.ஐ. ஒருவர் கண்ணாடியைத் தட்டினார். பிளேட் தெரியவில்லை, குற்றம் என்றார். மழையில் தெறித்தது என்றேன். அவர் வானத்தைப் பார்த்தார். ஒரு மாசமாக மழை இல்லை. போனில் இரண்டு போட்டோ எடுத்தார். பிறகு சேற்றுக்கு அடியில் இருக்கும் நம்பரை, குனிந்துகூடப் பார்க்காமல் மெசினில் தட்டினார்.

“எப்படீங்க நம்பர் தெரியும்?” என்று கேட்டேன்.

“பதினொண்ணு அம்பத்தொண்ணு தானுங்களே? வெசாழக்கெழமைன்னா இங்கதான நிக்கும். இந்த வீதில யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க” என்றார்.

அபராதம் போட்டுவிட்டு, துடைத்துவிட்டுப் போகும்படி சொன்னார். தோளில் கிடந்த துண்டால் துடைத்தேன். எதிர்க் கடையில் அந்த ஆள் முதுகைக் காட்டிக்கொண்டு மும்முரமாக எதையோ கத்தரித்தான். தோள் குலுங்கியது. சிரித்தானோ, இருமினானோ.

பிரஷர் 148/92. வாழைப்பழம் வாங்க மறந்துவிட்டேன்.

ஜூலை 19

வண்டி சம்பூரணம் பெயரில் இருப்பதால் அபராதச் செய்தி அவள் போனுக்கு வந்திருக்கிறது. போட்டோவோடு. நாடு இவ்வளவு முன்னேறியிருக்க வேண்டாம்.

காபியோடு போனையும் என் முன்னால் வைத்தாள். சத்தியில் மழையா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். படத்தை இரண்டு விரலால் பெரிது பண்ணிப் பண்ணிப் பார்த்தாள். “மேல மாடியில காயறது என்ற ஊதாச் சேலையாட்ட இருக்குதுங்” என்றாள்.

உன் சேலை எதற்குச் சத்தியில் போய்க் காயப்போகிறது, ஒரே மாதிரிச் சேலை ஊருக்கு நூறு என்றேன்.

“அதானுங்க” என்று போனை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். ஊதாச் சேலையைக் கொஞ்ச நாளாகக் காணோம் என்பது எனக்கும் தெரியும். சலவைக்குப் போட்டிருப்பாள்.

ஆகஸ்ட் 1

டாக்டர் டைரியைக் கேட்டார். எண்களை மட்டும் வேறு காகிதத்தில் எழுதிக் கொடுத்தேன். வியாழக்கிழமை மட்டும் இறங்கி இறங்கி வருகிறதே, வியாழக்கிழமை என்ன பண்ணுகிறீர்கள் என்று கேட்டார். வாழைப்பழம் என்றேன். மற்ற நாளும் அதையே பண்ணுங்கள் என்றார். படித்தவர்களுக்கு விவரம் போதாது.

ஆகஸ்ட் 18

வெள்ளியங்கிரி வந்தான். வழக்கம்போல நாலு தடவை ரிவர்ஸ் எடுத்தான். உட்கார்ந்ததும், செப்டம்பர் எட்டாம் தேதி புள்ளைக்கு வளைகாப்பு வைத்திருக்கிறார்கள், ஏழாம் மாசம் என்றான்.

எந்தப் புள்ளை என்று கேட்டேன். அவன் கதவுப் பக்கம் பார்த்தான். சம்பூரணம் கதவோரம் நின்றிருந்தாள்.

மூன்று வருசத்துக்கு முன்னால் நடந்ததை ஒரு தடவை எழுதித் தொலைத்துவிடுகிறேன். வேறு ஆட்கள் வீட்டுப் பையனைக் கட்டிக்கொண்டு மாலையோடு வாசலில் வந்து நின்றாள். எனக்கு மகளே இல்லை என்றேன். இனிமேல் அவள் பெயரை இந்த வீட்டில் யாரும் வாயில் எடுக்கக் கூடாது என்றேன். தெருவே கேட்டது. அவள் அழவில்லை. “சரிங்கப்பா. நீங்களா வந்து என்ற பேரைச் சொல்லிக் கூப்புட்டாத்தான் இனி இந்த ஊட்டுக்கு வருவேன்” என்று சொல்லிவிட்டுப் போனாள். பிடிவாதத்தில் யார் பிள்ளை?

தலைப்பிரசவம். எங்கள் பக்கத்தில் பொறந்த வீட்டுக்காரர்கள் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு போய், வளையல் போட்டு, பெண்ணைக் கையோடு கூட்டி வர வேண்டும். பிரசவம் பொறந்த வீட்டில்தான். யாரும் வரவில்லை என்றால் அந்தப் பெண் சபை நடுவில் கை நிறைய வளையலோடு உட்கார்ந்துகொண்டு வாசலையே பார்த்துக்கொண்டிருப்பாள். நான் அப்படி ஒரு பெண்ணைப் பார்த்திருக்கிறேன். அதைப் பார்க்கக் கூடாது.

வெள்ளியங்கிரி தொண்டையைச் செருமினான். “நீங்க வர வேண்டாங்ணா. உங்க மானம் உங்குளுக்கு. சித்தப்பன் நான் இருக்கறேன். கட்டுச்சோறு நாங்க கட்டிக்கறோம். நம்ம 9999-லயே புள்ளைய ஜம்முன்னு ஏத்திக்கிட்டு கோபிக்கு வந்தர்றோம். என்ற ஊட்லயே பிரசவம் பாத்துக்கலாம்” என்றான்.

எனக்குத் தலைக்கு ஏறியது. என் வீட்டுப் பெண் பிரசவத்துக்கு வருவாளாம், அவன் 9999-ல் வருவாளாம், இவன் பஸ் ஸ்டாண்ட் வழியாக ஹாரன் அடித்துக்கொண்டு ஊர்கோலம் வருவானாம். என் வண்டி என்ன வாழைத்தார் ஏற்றவா இருக்கிறது?

யோசித்துப் பார்த்தால் அதைத்தான் ஏற்றிக்கொண்டிருக்கிறது.

போகும்போது சம்பூரணமும் அவனும் வாசலில் ஏதோ குசுகுசுத்தார்கள். இருவர் முகத்திலும் சிரிப்பு. எனக்கு வந்த ஆத்திரத்தில் அது என்ன என்று கேட்கவில்லை.

பிரஷர் 172/104.

ஆகஸ்ட் 19

எட்டாம் தேதி. அதிலும் எட்டு.

ஆகஸ்ட் 29

வியாழன். சத்தி போகவில்லை. கடையில் உட்கார்ந்து, யாரும் இல்லாதபோது ஒரு வார்த்தையைச் சொல்லிப் பார்த்தேன். தொண்டையில் நின்றுகொண்டது. மூன்று வருசம் ஓட்டாத மோட்டாருக்கு முதலில் தண்ணீர் ஊற்றித்தான் இழுக்க வேண்டும். ஒரு சொம்பு தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி சொன்னேன். மோட்டார் காயில் வாங்க வந்த விவசாயி, யாரைக் கூப்பிடுகிறீர்கள் என்றார். இருமல் என்றேன்.

பிரஷர் 156/96.

செப்டம்பர் 7

சம்பூரணம் என்னைக் கேட்காமலே புளி கரைக்கிறாள், தேங்காய் துருவுகிறாள், எள் வறுக்கிறாள். ஒன்பது வகைச் சோறு. யாருக்கு என்று நான் கேட்கவில்லை. வெள்ளியங்கிரி எத்தனை மணிக்கு வந்து எடுத்துக்கொண்டு போவான் என்று மட்டும் கேட்டேன். எட்டு மணி என்றாள்.

பெரிய போசி ஒன்று நம் வண்டி டிக்கியில் நிற்குமா என்று சும்மா வைத்துப் பார்த்தேன். நிற்கிறது. அப்புறம் வண்டியைக் கழுவினேன். பிளேட்டைப் பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தேன். என் பிரஷ்தான்.

செப்டம்பர் 8

காலை ஏழு மணிக்கே ஒன்பது போசியையும் டிக்கியில் ஏற்றிவிட்டேன். வெள்ளியங்கிரி வருவதற்குள் கிளம்பிவிட வேண்டும் என்று சம்பூரணத்தை அவசரப்படுத்தினேன். அவள் ஏற்கெனவே பட்டுச்சேலை கட்டித் தயாராகக் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். வளையல் பெட்டி மடியில் இருந்தது. “தங்கச்சி ஊட்டுக்காரரு வர மாட்டாருங்க, அவரு நேத்தே அங்க போயி பந்தல் போட்டுக்கிட்டிருக்காரு” என்றாள். அப்போதும் எனக்கு உடனே விளங்கவில்லை. அந்தியூர் பிரிவு தாண்டும்போதுதான் விளங்கியது. இருவரும் சேர்ந்து 9999-ஐக் காட்டி என்னைக் குத்திக் கிளப்பியிருக்கிறார்கள். வண்டியைத் திருப்பிவிடலாமா என்று ஒரு நிமிசம் தோன்றியது. டிக்கியில் சோறு இருந்தது. ஓட்டினேன்.

போகிற வழியில் அவள் சொன்னாள். மூன்று வருசமாகச் செவ்வாய்க்கிழமை பண்ணாரி பஸ்ஸில் சத்தியிலேயே இறங்கிக்கொள்கிறாளாம். அம்மன் கோவிச்சுக்க மாட்டா என்றாள். ஊதாச் சேலையில் ஜூலை மாசம் மோர் கொட்டியதால் அதை அங்கேயே அலசிப் போட்டுவிட்டு, பிள்ளையின் சேலையைக் கட்டிக்கொண்டு திரும்பினாளாம். நான் வாங்கிய வாழைப்பழம், அப்பத்துக்குப் போனது போக மீதி அத்தனையும் தூக்குப்போசிக்கு மேலே பையில் வைத்து அங்கேதான் போயிருக்கிறது. நான் வியாழக்கிழமை சத்தியிலிருந்து சுமந்து வந்ததை இவள் செவ்வாய்க்கிழமை சத்திக்கே சுமந்திருக்கிறாள். நல்ல குடும்பம்.

தெருவுக்குள் நுழைந்தேன். விசேச வீடு, இரண்டு பக்கமும் வண்டி அடைத்துக்கொண்டு நின்றது. வெள்ளியங்கிரியின் 9999-ஏ தெருமுனையில், சாக்கடை ஓரமாகக் கோணலாக நின்றது. குடோன் சுவர் ஓரம் மட்டும் காலி.

நிறுத்தினேன். தலை குனிந்து பிளேட் துடைத்த அன்றைக்குத் தவிர, இத்தனை வாரத்தில் முதல் தடவையாக அந்தத் தெருவில் கதவைத் திறந்து இறங்கினேன். அந்தப் பக்கம் வரும்போதெல்லாம் என் கண் வலது பக்க மாடிப்படியில்தான் இருக்கும். இடது பக்கச் சுவரை ஒரு நாளும் பார்த்ததில்லை. இன்றைக்குப் போசி இறக்கச் சுற்றி வந்தபோது பார்த்தேன்.

சுவரில் மஞ்சள் ஸ்டிக்கர். ஒரு குமிழி இல்லாமல் ஒட்டியது. வெயிலில் ஓரம் வெளுத்திருந்தது.

‘இங்கே வண்டி நிறுத்தக் கூடாது.’

கீழே சின்ன எழுத்தில், ‘1151 தவிர.’

பக்கத்து டீக்கடைக்காரர் பெஞ்சை விட்டு எழுந்து வந்து ஒரு போசியைப் பிடித்தார். ஜூன் மாசத்திலிருந்தே இருக்கிறது, மாப்பிள்ளை ஒட்டியது, மீறி நிறுத்துகிறவனிடம் நாங்களே சண்டைக்குப் போவோம் என்றார். அந்த எஸ்.ஐ.கூட வந்திருந்தார், பந்தியில் உட்கார்ந்துகொண்டு கையை ஆட்டினார்.

எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. ஒளிந்திருக்கிறேன் என்று நான் நினைத்த இத்தனை நாளும் ஒரு தெருவே எனக்கு இடம் பிடித்து வைத்திருக்கிறது. நான் விரட்டிய பையன் அதை ஒட்டியிருக்கிறான்.

அவன் படிக்குக் கீழே வந்து, வாங்க மாமா என்று என் கையிலிருந்த போசியை வாங்கிக்கொண்டான். பெயர் ரூபன். இவ்வளவு நாளாக எழுதவில்லை, இப்போது எழுதிவிட்டேன்.

அவள் மாடிப்படி மேலே நின்றாள். முழங்கை வரைக்கும் வளையல். கன்னத்தில் சந்தனம். ஒரு கை கம்பியில், ஒரு கை இடுப்பில். இறங்கவில்லை. வெள்ளியங்கிரி கையில் கரண்டியோடு அப்படியே நின்றான்.

நான் ஒத்திகை பார்த்ததெல்லாம் பறந்துவிட்டது. “கட்டுச்சோறு கொண்டாந்திருக்குது” என்றேன்.

“சரிங்கப்பா. யாருக்குங்?” என்றாள்.

சம்பூரணம் என் பக்கத்தில் நின்றாள், ஆனால் உதவிக்கு வரவில்லை. என் பெருமை, என் மானம், நான் தெருவுக்கே கேட்கச் சொன்ன வார்த்தை எல்லாவற்றையும் சேர்த்து விழுங்கினேன்.

“இந்து” என்றேன். சத்தம் வரவில்லை. மறுபடியும், தெருவுக்கே கேட்கிற மாதிரி, “இந்துஜா. அப்பன் வந்திருக்கறேன். ஊட்டுக்குப் போலாம் வா கண்ணு” என்றேன்.

அவள் படியில் உட்கார்ந்துவிட்டாள். உட்கார்ந்து அழுதாள். மூன்று வருசத்துக்கு முன்னால் அழாததையும் சேர்த்து அழுதாள். நான் படியேறிப் போனேன். ஏசி எதுவும் இல்லை. நானும் அழுதேன்.

சாயங்காலம் கூட்டிக்கொண்டு கிளம்பும்போது வண்டி முன்னால் வந்து நின்று பிளேட்டைக் குனிந்து பார்த்தாள். பார்க்கும்போதே சிரிப்பு வந்துவிட்டது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

“அப்பா, என்ற மார்க்கு 1151 இல்லீங்கப்பா. மறுகூட்டல் போட்டு ரெண்டு மார்க்கு ஏறுச்சே. 1153. மறந்துட்டீங்களா?”

தெரு முழுக்கத் திரும்பிப் பார்த்தது. எனக்கு மெல்ல ஞாபகம் வந்தது. மார்க்கைத் திருத்தி வந்த காகிதத்தை எடுத்துக்கொண்டு கடைக்கு ஓடி வந்தாள். நான் மேலே இருந்த ஃபிளெக்ஸைப் பார்த்தேன். அன்றைக்கு நான் என்ன சொன்னேன் என்பதும் ஞாபகம் வந்தது. அவளுக்கும் ஞாபகம் இருந்தது, என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

வெள்ளியங்கிரி விரல் விட்டுக் கூட்டினான். “1153-ன்னா கூட்டுத்தொகை ஒண்ணுங்ணா. சூரியன். பிரமாதமான நம்பரு” என்று தலையில் அடித்துக்கொண்டான்.

ரூபன் பக்கத்தில் வந்து, கவர்மென்ட் பிளேட் மேலே கை வைக்க முடியாது மாமா, வேண்டுமானால் பின்கண்ணாடியில் சின்னதாக 1153 என்று ஒட்டித் தரட்டுமா என்று கேட்டான். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

“ஃபிளெக்ஸ் அடிச்சாச்சு. அதே இருக்கட்டும்” என்றேன்.

இந்துவும் கூடவே, ஒன்பது வருசத்துக்கு முன்னால் என் வாயால் கேட்ட அதையே சொல்லுக்குச் சொல் சொன்னாள்.

வரும் வழியில் பின் சீட்டில் தூங்கிவிட்டாள். கோபி பஸ் ஸ்டாண்ட் பக்கம் வந்ததும், தேவையே இல்லாமல், இரண்டு சுற்று சுற்றி வீட்டுக்கு வந்தேன். ஹாரன் அடிக்கவில்லை. பிள்ளை தூங்குகிறாள்.